ஆப்பிரிக்க வில்வேட்டைக்கு ரிகர்வ், லாங்போ தயார் செய்வது: அலகு முதல் பயணப் பெட்டி வரை

கலஹாரியின் சான் வேட்டைக்காரர்கள் கையில் இருப்பது மிக மெல்லிய சிறு வில். அதை வைத்துக்கொண்டு அவர்கள் பெரிய மான்களையும் வீழ்த்துவதற்குக் காரணம் டயம்ஃபிடியா வண்டின் புழுவிலிருந்து எடுத்து அம்பில் தடவும் நஞ்சு. அம்பு தோலைத் தாண்டினால் போதும், மீதியை நஞ்சு பார்த்துக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணப் பண்ணை ஒன்றின் நீர்த்துறையில் ரிகர்வோடு (முனைகள் முன்னோக்கி வளைந்த மரபு வில்) உட்காரப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய அம்பு வேகமும் கப்பி பொருத்திய காம்பவுண்டு வில்லின் வேகத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே மரபு வில் தயாரிப்பு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: மெதுவாகப் போகும் அம்பை, விலா எலும்பைத் தாண்டி மறுபக்கம் வரை எப்படிக் கொண்டுபோவது?

பலரும் வில்லில் ஆரம்பிக்கிறார்கள். அம்பிலிருந்து பின்னோக்கி வருவதுதான் சரி. ஆனால் அதற்கும் முன்னால் முடிக்க வேண்டிய ஒரு தாள்வேலை உண்டு.

எந்த நாடு, எந்த விலங்கு

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் வில்வேட்டைக்குச் சட்டப்படி இடம் உண்டு. கென்யாவில் 1977 முதல் வேட்டையே தடை. தென்னாப்பிரிக்காவில் விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். நமீபியாவில் கவனிக்க வேண்டியது அம்பின் ஆற்றல் வரம்பு: சிறு விலங்குக்கு 25 அடி-பவுண்டு, நடுத்தரத்துக்கு 40, குடூ மான் போன்ற பெரியவற்றுக்கு 65. இதோடு குறைந்தபட்ச அம்பு எடையும் முறையே 350, 400, 450 கிரெயின் (ஏறத்தாழ 15.4 கிரெயின் ஒரு கிராம்) என்று வைத்திருக்கிறார்கள்.

கணக்கு எளிது. அம்பின் எடையை (கிரெயினில்) வேகத்தின் வர்க்கத்தால் (நொடிக்கு அடியில்) பெருக்கி 450240 ஆல் வகுக்க வேண்டும். 52 பவுண்டு இழுவை வில்லில் 600 கிரெயின் அம்பு நொடிக்கு 165 அடி போனால் கிடைப்பது 36 அடி-பவுண்டுதான். எடை வரம்பைத் தாராளமாகத் தாண்டும் அம்பு, ஆற்றல் வரம்பில் தடுக்கி விழுகிறது. கனமான, மெதுவான அம்பின் ஊடுருவும் திறனை இந்தச் சூத்திரம் சரியாகக் காட்டுவதில்லை என்பது உண்மையே. சட்டத்தோடு வாதாடிப் பயனில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்பே வேட்டை ஏற்பாட்டாளரிடம் உங்கள் வில்லின் பவுண்டு, அம்பின் எடை, வேகம் மூன்றையும் எழுதி அனுப்பி, எந்தெந்த விலங்குக்கு அனுமதி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

முதல் பயணத்துக்கு இம்பாலா, வார்ட்ஹாக் பன்றி, குடூ மூன்றும் நல்ல தேர்வு. ஈலாண்ட் மான், வரிக்குதிரை, வில்டபீஸ்ட் மான் மூன்றுக்கும் ஒரு படி கனமான தயாரிப்பு வேண்டும்.

அலகு

மரபு வில்லுக்கு இரு அலகு கொண்ட, நிலையான, பட்டவுடன் வெட்டத் தொடங்கும் பிராட்ஹெட் (வேட்டை அம்பின் வெட்டுமுனை; முழு முனையையும் அலகு என்றே சொல்கிறோம்) மட்டுமே. பட்டபின் விரியும் இயந்திர வகை, விரிவதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். காம்பவுண்டுக்கு அது தாங்கும், நமக்குத் தாங்காது. மூன்று அலகு வகை கூர்மையாக இருந்தால் இம்பாலாவுக்குப் போதும். குடூவின் தோளெலும்பைத் தொட்டால் நின்றுவிடும்.

அகலம் 1 முதல் 1 1/8 அங்குலம். நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு அருகில் இருந்தால் நல்லது. சரிவு நீளமாக இருந்தால் குறைந்த விசையிலேயே உள்ளே நழுவும். எடை 175 முதல் 250 கிரெயின். நுனி ஊசியாக இருந்தால் எலும்பில் பட்டு மீன்தூண்டில் போல வளையும். அப்படி வளைந்த அலகு அதற்குமேல் ஒரு அங்குலம்கூடப் போகாது. நுனியைச் சற்றே மழுக்கி உளிபோல் வெட்டிய வகையை எடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த, ஒற்றைச் சரிவு அலகுகள் எலும்பில் நுழையும்போது சுழன்று எலும்பைப் பிளக்கின்றன. 1980களில் நேட்டாலில் அம்பின் கொல்திறனை ஆய்ந்த எட் ஆஷ்பி வலியுறுத்தியவற்றில் இதுவும் ஒன்று. கனத்த எலும்பைக் கடக்க 650 கிரெயினாவது வேண்டும் என்ற எண்ணும் அவருடையதே. ஒற்றைச் சரிவை எடுத்தால் இறகையும் அதற்கு ஏற்ப ஒட்ட வேண்டும்: வலச்சரிவு அலகுக்கு வலச்சிறகு இறகு, இடச்சரிவுக்கு இடச்சிறகு. மாற்றி ஒட்டினால் காற்றில் ஒரு பக்கம் சுழன்று வரும் அம்பு எலும்பில் எதிர்ப்பக்கம் சுழல முயன்று நடுவில் நின்றுபோகும்.

கூர் தீட்டுவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கடையில் வாங்கிய பிராட்ஹெட் பெரும்பாலும் வேட்டைக்கூர் அல்ல. இப்படிச் செய்யுங்கள்:

1. கறுப்பு மார்க்கரால் சரிவு முழுவதும் பூசுங்கள். எங்கே தேய்கிறது, எங்கே கல் படவில்லை என்று மை காட்டிக்கொடுக்கும்.
2. அரத்தாலோ 400 கிரிட் கல்லாலோ நுனியிலிருந்து அடி வரை ஒரே கோணத்தில் இழுங்கள், மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்படும் வரை. பிசிறு வராமல் அடுத்த கல்லுக்குப் போனால் அது கூராகவே ஆகாது.
3. 1000 கிரிட் கல்லில் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துத் தொடருங்கள். ஒற்றைச் சரிவு என்றால் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து இரண்டு மூன்று இழுப்பு. பிசிறு அகல அது போதும்.
4. மெருகுப்பசை தடவிய தோல்பட்டையில் கூர் பின்னால் வரும்படி 20 இழுப்பு.

ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து அதன்மேல் அலகை வெறுமனே வையுங்கள். அழுத்தாமலே அறுபட வேண்டும். கைமுடி மழிகிறதா என்று பார்ப்பதைவிட இது நம்பகமான சோதனை, ஏனென்றால் விலங்கின் உடலுக்குள் இரத்தக்குழாயும் ரப்பர் மாதிரியேதான் விலகிக்கொடுக்கப் பார்க்கும். தீட்டியபின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு.

தண்டும் எடையும்

ஒரு பவுண்டு இழுவைக்கு 10 முதல் 12 கிரெயின் அம்பு எடை என்பது வேலைக்காகும் அளவு. 52 பவுண்டு என்றால் 520 முதல் 625 வரை. நாங்கள் எப்போதும் மேல்முனையையே பரிந்துரைப்போம். கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகம் உள்வாங்கிக்கொள்வதால் வில்லில் அதிர்வும் சத்தமும் குறையும்.

கார்பன் தண்டில் ஒரு மாதிரிக் கணக்கு: அங்குலத்துக்கு 9 கிரெயின் எடையுள்ள தண்டு 30 அங்குலம், அதாவது 270. முன்முனையில் அலகைப் பொருத்தும் பித்தளை இன்சர்ட் 100. பிராட்ஹெட் 200. இறகு மூன்றும் நாணைக் கவ்வும் குதையும் சேர்த்து ஏறத்தாழ 20. மொத்தம் 590 கிரெயின், நம் கணக்கில் 38 கிராம். எடையை முன்முனையில் ஏற்றுவதால் அம்பு நேராக இழுபட்டுப் போகும். முன்பாரம் எவ்வளவு என்று பார்க்க: குதைப் பள்ளத்திலிருந்து சமநிலைப் புள்ளி வரை அளந்து, அதிலிருந்து தண்டின் பாதி நீளத்தைக் கழித்து, முழு நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 30 அங்குல அம்பு 20 ஆம் அங்குலத்தில் சமநின்றால் 16.7 சதவீதம். 15க்கு மேல் இருந்தால் போதும். 25, 30 என்று துரத்தி, தண்டு தாங்காமல் வளைந்து பறக்கவிடுபவர்களும் இருக்கிறார்கள். எண் அழகாக இருக்கும், அம்பு கோணலாகப் போகும்.

அலுமினிய இன்சர்ட்டைத் தவிருங்கள். எலும்பில் பட்டால் அலகு தப்பும், இன்சர்ட் வளையும். வளைந்த கணமே ஊடுருவல் முடிந்தது. தண்டின் முன்முனையில் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு உலோகக் குழாய்த்துண்டை உறையாக ஒட்டினால் கார்பன் பூப்போல விரிந்து பிளப்பது நிற்கும். உறை தண்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். லொடலொடத்தால் போடாமலிருப்பதே மேல்.

மரத்தண்டு விரும்பிகள் 11/32 அங்குல விட்டத்தில் ஆஷ் போன்ற கனமரம் எடுக்கலாம். போர்ட் ஆர்ஃபர்ட் சீடார் நேராக இருக்கும், ஆனால் இலேசு. லிம்போப்போவின் குளிர்காலக் காற்று வறண்டது. ஈரப்பதமான ஊரிலிருந்து போகும் மரத்தண்டு அங்கே இரண்டு மூன்று நாளில் வளையக்கூடும். நன்றாக வார்னிஷ் மூடியிருக்க வேண்டும், தினமும் உருட்டிப் பார்க்க வேண்டும்.

இறகு: வான்கோழி இறகு மூன்று, 4 அல்லது 5 அங்குலம். பெரிய அலகைத் திருப்ப இதற்குக் குறைந்தால் போதாது. வெள்ளை இறகு வேண்டாம், காரணம் மறைவிடம் பகுதியில்.

இசைவு பார்த்தல்

தண்டில் அச்சிட்டிருக்கும் 500, 400, 340 என்ற எண்கள் வளைவைக் குறிப்பவை: 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால் எத்தனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் வளைகிறது என்பது. எண் குறைந்தால் விறைப்பு கூடும். 50 பவுண்டை ஒட்டிய வில்லுக்கு 400ஐயும் 340ஐயும் இரண்டிரண்டு வாங்கிச் சோதியுங்கள். ஒரு டஜனை முன்கூட்டியே வாங்கி வெட்டிவிட்டு வருந்துபவர்கள் ஏராளம்.

தண்டை முழு நீளத்தில் விட்டு ஆரம்பியுங்கள். இறகு ஒட்டிய அம்பு மூன்றும் இறகில்லாத தண்டு இரண்டும் 10 கெஜத்திலும், பிறகு 20 கெஜத்திலும் எய்யுங்கள். வலக்கைக்காரருக்கு வெறுந்தண்டு இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு அதிகம். முன்முனை எடையைக் கூட்டுங்கள். வலப்பக்கம் விழுந்தால் மெலிவு. கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் குறைந்தது பத்து முறை எய்து பாருங்கள்.

உயரத்துக்கு: வெறுந்தண்டு கீழே விழுந்தால் நாணில் குதைக்குறி மேலே இருக்கிறது, மேலே விழுந்தால் கீழே இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. குறி மிகக் கீழே இருந்தால் அம்பின் பின்பாகம் வில்லில் அம்பு தங்கும் ஷெல்ஃபில் மோதி எழும்பி, எதிர்மாறான சேதி சொல்லும். அதனால் எப்போதும் அம்பு நாணுக்குச் செங்குத்தாக நிற்கும் நிலைக்கு 5/8 அங்குலம் மேலே குறியை வைத்து, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வாருங்கள்.

கடைசிச் சோதனை பிராட்ஹெட்டோடு. அதே எடையுள்ள பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் 20 கெஜத்தில் ஒரே கைப்பிடி அகலத்துக்குள் விழ வேண்டும். ஒரு அம்பு மட்டும் விலகினால் அலகு கோணலாக உட்கார்ந்திருக்கும். நுனியை ஊன்றி அம்பைச் சுழற்றினால் தள்ளாட்டம் தெரியும். சூட்டில் இளகும் பசையால் ஒட்டியதென்றால் சூடாக்கித் திருப்பி மறுபடி பாருங்கள்.

வில்லும் நாணும்

முதுகு நோகாமல் இழுக்கக்கூடிய எடைதான் உங்கள் எடை. 50 முதல் 55 பவுண்டு, உங்கள் சொந்த இழுநீளத்தில். வில்லில் எழுதியிருப்பது 28 அங்குலத்துக்கான எண். ஒவ்வொரு அங்குலம் கூடக் குறைய 2 முதல் 3 பவுண்டு மாறும். 45லிருந்து 60க்குத் தாவாதீர்கள். ஆறு மாதம் இருந்தால் 5 பவுண்டு கூட்டலாம். தகுதிச் சோதனை இது: விடியற்காலைக் குளிரில் ஒரு மணி நேரம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, கை கால் உதறாமல், எழாமல், மெதுவாக இழுத்து ஐந்து நொடி பிடித்து நிற்க முடிகிறதா? முடியாவிட்டால் வில் உங்களுக்குக் கனம்.

மூன்று துண்டாகக் கழலும் 58 முதல் 62 அங்குல ரிகர்வ் இந்தப் பயணத்துக்கு மிக வசதி. ஒற்றைத் துண்டு லாங்போ அழகுதான். விமானத்தில் அளவுமீறிய சாமான், மறைவிடத்தில் கூரையை முட்டும் கொம்பு.

நாணும் பிடியும் விலகும் இடைவெளி, பிரேஸ் ஹைட், ரிகர்வுக்குப் பெரும்பாலும் 7 முதல் 8 1/2 அங்குலம்; லாங்போவுக்கு அதற்குக் கீழே. தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் நாணை முறுக்கி அரை அங்குலமாக ஏற்றி இறக்கி, சத்தம் எங்கே குறைவு என்று கேளுங்கள். நண்பர் ஒருவர் இலக்குக்கு அருகில், பாதுகாப்பான மறைவில் நின்று கேட்டால் இன்னும் நல்லது. எய்பவர் காதுக்குக் கேட்பதும் மான் காதுக்குக் கேட்பதும் ஒன்றல்ல.

சத்தம் ஏன் இத்தனை முக்கியம்? 18 கெஜம் என்பது 54 அடி. நாணொலி அந்தத் தூரத்தை 0.05 நொடியில் கடக்கும். 165 அடி வேக அம்புக்கு 0.33 நொடி வேண்டும். இடையில் கால் நொடிக்கு மேல் இம்பாலாவுக்குக் கிடைக்கிறது. பாய்வதற்காக அது முதலில் உடலைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போகும். நாணில் பீவர் ரோமமோ கம்பளி நூலோ இரண்டு கட்டுங்கள், ஒன்று மேல்முனையிலிருந்து நாண் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில், மற்றது கீழ்முனையிலிருந்து நான்கில் ஒரு பங்கில். தூரம் சமமாக இல்லாததால் அதிர்வு ஒன்றையொன்று வளர்க்காது. குதை நாணில் அம்பின் எடையைத் தாங்கும் அளவுக்கு மட்டும் கவ்வ வேண்டும். நாணை விரலால் தட்டினால் அம்பு கழன்று விழ வேண்டும். இறுகிய குதை சத்தமும் போடும், அம்பையும் திருப்பும்.

மாற்று நாண் இரண்டு. மூன்றையும் ஒரே நீளத்துக்கு முறுக்கி, குதைக்குறி கட்டி, சைலன்சர் மாட்டி, ஒவ்வொன்றிலும் 100 முதல் 200 அம்பு எய்து நீளவேண்டியதெல்லாம் நீண்ட பிறகு எடுத்து வையுங்கள். உறையில் புதிதாகக் கிடக்கும் நாண் மாற்று நாண் ஆகாது: மாட்டிய முதல் நாளே நீண்டு, பிரேஸ் ஹைட் இறங்கி, இசைவு கலையும். பழைய வில்லில் லிம்ப் (வளையும் கை) முனை வலுவூட்டப்படாவிட்டால் டேக்ரான் நாண் மட்டுமே.

மறைவிடத்தின் ஜன்னல்

மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத மாதங்கள். குட்டைகள் வற்றியிருக்கும், விலங்குகள் நீர்த்துறைக்கு வந்தே ஆக வேண்டும். ஆகவே வேட்டை பெரும்பாலும் மறைவிடத்தில் உட்கார்ந்தபடிதான். சிக்கல் என்னவென்றால், பல மறைவிடங்கள் காம்பவுண்டுக்காகக் கட்டப்பட்டவை: தாழ்ந்த கூரை, ஒடுங்கிய ஜன்னல், 25 முதல் 30 கெஜத் தூரம். ஏற்பாட்டாளரிடம் முன்பே கேளுங்கள். ஜன்னல் நெடுக்குவாக்கில் உயரமா? நாற்காலியிலிருந்து கூரை எவ்வளவு? தண்ணீர் 18 கெஜத்துக்குள் இருக்கிறதா? பதில் தெளிவாக வராவிட்டால் அவர் மரபு வில்காரர்களை அதிகம் பார்த்ததில்லை என்று பொருள்.

இழுத்த கை நிற்கும் இடமான நங்கூரப்புள்ளி வாயோரம் என்றால் அம்பு உங்கள் கண்ணுக்குப் பல சென்டிமீட்டர் கீழே இருக்கும். கண்ணுக்கு விலங்கு முழுதாகத் தெரியும். அம்பு ஜன்னலின் கீழ்விளிம்பில் போய்க் குத்தும். வீட்டிலேயே ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் ஜன்னல் வெட்டி, பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, வில்லைச் சாய்த்துப் பிடித்து எய்து பழகுங்கள். கீழ்லிம்ப் தொடையிலோ நாற்காலிக் காலிலோ மோதுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். பயணத்துக்கு முந்தைய மூன்று மாதத்தில் எய்யும் அம்பில் பாதியாவது இப்படி உட்கார்ந்து எய்தவையாக இருக்கட்டும்.

உள்ளே இருட்டு. கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, முகத்திரை. காட்டுப்பச்சை உடை இங்கே வேலைக்காகாது. வெள்ளை இறகு இருட்டுக்குள் அசைந்தால் விளக்குபோலத் தெரியும். ஷெல்ஃபில் ரோமத்துண்டோ மென்துணியோ ஒட்டுங்கள், கார்பன் தண்டு உரசும் ஒலி அடங்கும். அம்பறாத்தூணியை வில்லிலிருந்து கழற்றிச் சுவரோரம் வையுங்கள்.

எங்கே எய்வது என்பதும் கருவியைத் தீர்மானிக்கும் விஷயமே. ஆப்பிரிக்க மான்களின் இதயமும் நுரையீரலும் முன்னோக்கி, தாழ்வாக, முன்னங்கால்களுக்கு இடையில் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டிலேயே ஏறி, உடலின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். தோளுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி எய்யும் வட அமெரிக்கப் பழக்கம் இங்கே கல்லீரலுக்கோ வயிற்றுக்கோ போகும். எலும்புக்கு அருகில் எய்ய வேண்டியிருப்பதால்தான் மேலே அலகுக்கும் இன்சர்ட்டுக்கும் இவ்வளவு சொன்னது. எதிர்நோக்கிச் சாய்ந்து நிற்கும் விலங்கை விட்டுவிடுங்கள். பின்னால் வேறு விலங்கு நிற்கிறதா என்றும் பாருங்கள்: வல்வில் ஓரியின் ஒரே அம்பு ஐந்து உயிரைத் துளைத்தது புகழ், இங்கே இரத்தம் சிந்திய ஒவ்வொரு விலங்குக்கும் தனிக் கட்டணம்.

பெட்டி கட்டுதல்

தென்னாப்பிரிக்காவுக்கு வில் கொண்டுபோகத் துப்பாக்கிக்கான தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. விமான நிறுவனத்தின் சம்மதத்தை மட்டும் மின்னஞ்சலில் வாங்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு விதி தெரியாமலிருப்பது சகஜம்.

வில், அம்பு, அலகு, அரம், அலென் சாவி எல்லாம் சரக்குப் பெட்டியில். அலகுகளைத் தண்டிலிருந்து கழற்றி, நுரைப்பஞ்சு வைத்த கெட்டியான சிறு டப்பாவில். லிம்புகளை உடைகளுக்கு நடுவே சுருட்டி வையுங்கள். 12 முதல் 18 அம்பை இரண்டு பெட்டியாகப் பிரியுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பெட்டி ஒரு நாள் தாமதமானாலும் வேட்டை நிற்காது. பழகிய விரலுறை, மாற்று நாண்கள், கைக்காப்பு மூன்றும் கைப்பையில். அங்கே வில்லை இரவல் வாங்கலாம், கைக்குப் பழகிய விரலுறையை வாங்க முடியாது.

பழுதுபெட்டியில்: சூட்டுப்பசைக் குச்சி, இறகுப் பசை, நாண்சுற்று நூல், மெழுகு, குதைகள் ஆறு, ஷெல்ஃப் துணி ஒரு துண்டு, நாண் அளவுச் சட்டம், நாண் ஏற்றும் கயிறு. கேஸ் டார்ச்சும் லைட்டரும் சரக்குப் பெட்டியில் கூடாது. முகாமில் மெழுகுவத்தி கிடைக்கும், பசை இளக்க அது போதும்.

முகாமில் இறங்கியதும்

வில்லை வெயிலில் நிற்கும் பக்கியில் (பிக்-அப் வண்டி) விடாதீர்கள். சூட்டில் லிம்பின் ஒட்டுப்பசை இளகி அடுக்குகள் பிரியும். திருகுகளைச் சரிபார்த்து, நாண் ஏற்றி, பிரேஸ் ஹைட்டை அளந்து, வீட்டில் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். லிம்ப் முனைகளைப் பஞ்சால் தடவுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே வெடிப்பு.

பிறகு பயிற்சிக்கென்றே ஒதுக்கிய பழைய பிராட்ஹெட் மூன்றை மட்டும் எய்யுங்கள், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்து. வேட்டைக்கான அலகைப் பயிற்சி இலக்கில் எய்தால் கூர் போய்விடும். ஒவ்வொரு மாலையும் தூணியிலுள்ள அலகுகளை ரப்பர் பேண்டில் சோதியுங்கள். புழுதியும் தூணியின் உரசலுமே கூரை மழுக்கப் போதும். ஒன்று தோற்றால் தோல்பட்டையில் பத்து இழுப்பு, அப்போதும் தோற்றால் 1000 கிரிட் கல்லுக்குத் திரும்ப வேண்டும்.